எந்த வெளிச்சத்துல?

பாபநாசத்தில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், கடையின் டியூப்லைட்டை அணைக்கச் சொன்ன ஒரே வாடிக்கையாளர் அவர்தான். மற்றவர்கள் மின்விசிறியைக் கூட்டச் சொல்வார்கள், பக்கத்து நாற்காலிக்காரர் எட்டி எட்டிப் பார்க்கிறார் என்று புகார் சொல்வார்கள். இவர் உள்ளே வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்து, "தம்பி, அந்த லைட்டைக் கொஞ்சம் அணைச்சிடுங்களேன். அது பொய் சொல்லுது" என்பார். நான் அணைத்துவிடுவேன். மற்ற வாடிக்கையாளர்கள் இருட்டில் உட்கார்ந்து என்னைத் திட்டுவார்கள்.

கும்பகோணத்தில் ஒரு மகளிர் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்களுக்கு டீச்சரம்மா, எனக்கு மேடம். முதுகுக்குப் பின்னால் நான் வைத்த பெயர் 'கலர் மேடம்'. அது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. ஒருநாள் காசு கொடுக்கும்போது, "கலர்னு ஒண்ணு கிடையாது தம்பி. வேற பேரு வைங்க" என்றார். கோபமாகச் சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எதன் நிறத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவரிடம் ஒரே கேள்விதான்: "எந்த வெளிச்சத்துல?" புது ஸ்கூட்டர் சிவப்பு என்றால் எந்த வெளிச்சத்துல? மாம்பழம் பழுத்துவிட்டது என்றால் எந்த வெளிச்சத்துல? இளவயதில் அவரைப் பெண் பார்க்க வந்தவர்கள், போட்டோவில் இருந்ததைவிட நிறம் கம்மி என்று சொன்னதாகவும், இவர் உள்ளேயிருந்து வெளியே வந்து இதே கேள்வியைக் கேட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. உண்மையா என்று நான் கேட்டதில்லை. ஆனால் நம்பினேன்.

என் மனைவி ஒருமுறை அவரோடு கும்பகோணத்துக்கு ஜவுளி எடுக்கப் போய், இனி ஜென்மத்துக்கும் போகமாட்டேன் என்று திரும்பி வந்தாள். புடவையைக் கடைக்குள் ஒருமுறை, தெருவில் வெயிலில் ஒருமுறை, கல்லாப்பெட்டிக்கு மேல் எரிந்த குண்டு பல்பில் ஒருமுறை என்று காட்டச் சொல்லியிருக்கிறார். "கடைக்குள்ள புடவையும் பிளவுஸ் துணியும் ஒரே கலரா இருக்கும். வீட்டுக்கு வந்து பாத்தா வேற வேற. ஏன்னு யாராச்சும் கேக்கறீங்களா? மேட்சிங் சரியில்லைன்னு கடைக்காரரைத் திட்டிட்டுப் போயிடறீங்க" என்று என் மனைவிக்கு வகுப்பு வேறு. கடைசியில் ஒன்றும் வாங்கவில்லை.

அவர் என் கடைக்கு வந்தது மின்னஞ்சலுக்காக மட்டும் அல்ல. டிஜிட்டல் கேமராவில் எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு, அந்தப் படத்தில் விழுந்த வெளிச்சத்தில் என்னென்ன நிறக்கதிர்கள் எவ்வளவு இருந்தன என்று திரும்பக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. டாக்டர் பட்டத்துக்காக ஆரம்பித்ததாம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததில் பாதியில் நின்றுவிட்டது. அப்பா போனபிறகு பட்டத்தை மறந்துவிட்டு வேலையை மட்டும் தொடர்ந்தார்.

எனக்கு அதை அவர் விளக்கிய விதம் இப்படி. "வெளிச்சத்துல எத்தனையோ இருக்கு தம்பி. கேமரா மூணே மூணு எண்ணாத்தான் எழுதி வைக்கும். சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு. ஒருத்தன் கல்யாண வீட்டுல சாப்பிட்டுட்டு வந்து, உப்பு இவ்வளவு, புளிப்பு இவ்வளவு, காரம் இவ்வளவுன்னு மட்டும் சொல்றான்னு வைங்க. அதை வச்சு என்ன குழம்புன்னு நீங்க சொல்லணும்."

"முடியவே முடியாதே மேடம்."

"முடியாது. எத்தனையோ குழம்புக்கு அதே உப்பு, புளிப்பு, காரம் இருக்கலாம். ஆனா அது உங்க வீட்டுக் குழம்புதான்னு தெரிஞ்சா? உங்க வீட்டுல என்னென்ன குழம்பு வைப்பாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சா? அப்ப ஓரளவுக்குச் சொல்லிடலாம்ல?"

என் வீட்டில் எல்லாக் குழம்பும் ஒரே ருசி என்று சொன்னேன். சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

அவரைக் கேலி செய்கிற உரிமையை நான் இழந்தது என் மகள் பிறந்தபோது. குழந்தையைப் பார்க்க வந்தவர், பிரசவித்தவள் படுத்திருந்த உள்ளறையில் நின்று குழந்தையை உற்றுப் பார்த்தார். இளம்பச்சைச் சுவர், மேலே டியூப்லைட். "ஜன்னல்கிட்ட கொண்டுவாங்க" என்றார். பச்சை உடம்பு, காற்றுப்படக் கூடாது என்று என் மாமியார் முறைத்தார். "ஜன்னல் வரைக்கும்தான்மா" என்று இவரே தூக்கிக்கொண்டு போனார். வெயில் வெளிச்சம் முகத்தில் பட்டதும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. குழந்தை மஞ்சளாக இருந்தது. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் நீல விளக்குக்கு அடியில் கண்ணைக் கட்டிப் படுக்கவைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்த வாக்கியத்தை நான் முடிக்கவிடவில்லை. மேடம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "எல்லா நீலமும் வேலை செய்யாது தம்பி. இது சரியான நீலம். பயப்படாதீங்க" என்றார். அதன்பிறகு அவர் கேட்காமலேயே டியூப்லைட்டை அணைத்தேன்.

இதோடு நின்றிருந்தால் இது நல்ல கதை. அப்படி நிற்கவில்லை.

அப்போது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒருவராவது வெளிநாட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை என் கடையில் வெப்கேமுக்கு வரிசை நிற்கும். இன்னொரு பக்கம், மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள் சாலையோர வயல்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். நெல் இருந்த இடத்தில் மனைக்கற்கள் முளைத்தன. மேடத்தின் குடும்பத்துக்கும் சாலையோரமாக நிலம் இருந்தது. அப்பா அதை மகன் பேரில் எழுதிவைத்திருந்தார். அந்த அண்ணன் அமெரிக்காவில் இன்ஜினியர். நிலத்தைக் குத்தகைக்குப் பார்த்துவந்தவர் முருகையன். எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை, கையில் ஒரு காகிதம் கிடையாது. நிலம் போனால் அவருக்கு வேறு போக்கில்லை.

ஒரு இன்ஜினியரிங் காலேஜ்காரர்கள் அந்த நிலத்தைக் கேட்டு வந்தார்கள். அண்ணன் வெப்கேமில் பேசியது என் காதில் விழுந்தது. என் கடையில் எல்லார் குடும்பமும் என் காதில் விழும்.

"கண்ணால பாக்க முடியாத நிலத்தை எதுக்கும்மா வச்சுக்கணும்? நான் இனிமே அங்க வரப்போறதில்லை. உனக்கும் வயசாகுது."

"பாக்க முடிஞ்சா?"

"என்னது?"

"அங்க உக்காந்துக்கிட்டே நம்ம பயிர் எப்படி இருக்கு, அதுக்கு என்ன வேணும்னு நீ பாக்க முடிஞ்சா? நீ அனுப்பின கேமராவை வச்சே காட்டறேன்."

அண்ணன் சிரித்தார். தங்கையை அவருக்குப் பிடிக்கும் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. "சரி. ஒரு சம்பா காட்டு. அதுக்கப்புறம் பேசலாம்" என்றார்.

நெற்பயிரின் இலைப்பச்சையைப் பார்த்து யூரியா வேண்டுமா, வேண்டாமா என்று சொல்ல விவசாய ஆபீசில் ஒரு வண்ண அட்டை கொடுப்பார்கள். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, உடம்பு நிழலில் இலையை அட்டையோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். மேடத்துக்கு அந்த அட்டையின் மீது நம்பிக்கை இல்லை. நான்கு பேர் பார்த்தால் நான்கு பதில் வரும் என்பார். கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் வேலையை முதலில் நிறுத்தினார். "இது கல்யாணத் தரகர் மாதிரி. நமக்குப் பிடிச்சதைத்தான் சொல்லும்" என்றார். அப்புறம் ஒவ்வொரு படத்திலும் பயிர்ப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொருள் இருக்க வேண்டும். அந்த வெள்ளை படத்தில் எப்படி விழுந்திருக்கிறது என்பதை வைத்து அன்றைய வெளிச்சத்தைக் கணக்கிட்டு, அந்த வெளிச்சத்தைக் கழித்துவிட்டு இலையைப் பார்க்கலாம்.

காகிதம் வைத்தார்கள். பனியில் ஊறிக் கிழிந்தது. அட்டை வைத்தார்கள். சேறு பட்டால் கழுவ முடியவில்லை. முருகையன்தான், "ஐயாவோட வேட்டி பீரோவுல இருக்குமே டீச்சரம்மா. அதைச் சட்டத்துல கட்டி நட்டுடலாம்" என்றார். மேடம் அப்பாவின் அந்த வேட்டியை எடுத்துவந்து, வெயிலில் ஒரு வெள்ளைத்தாள் பக்கத்தில் விரித்துப் படம் எடுத்து, என் கடையில் வந்து எண்களை ஒப்பிட்டார். நல்ல வெள்ளை. திருப்தியாகத் தலையாட்டினார். வாழ்க்கை முழுக்க எந்த வெளிச்சத்துல என்று கேட்டவர், அந்த வெள்ளையை அந்த ஒரு முறையோடு நம்பிவிட்டார். எனக்கு இன்றும் ஆறாத இடம் அதுதான்.

நடவு முடிந்து பயிர் தூர்கட்ட ஆரம்பித்ததும் வாராவாரம் படம் வந்தது. இலை எந்த நிறக்கதிரை எவ்வளவு தின்கிறது, எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று கணினியில் ஒரு வளைகோடு போடுவார். படமும் கோடும் அமெரிக்காவுக்குப் போகும். அண்ணன் சிறுபிள்ளையாகிவிட்டார். ஆபீசில் எல்லோருக்கும் காட்டினாராம். "என் வயலை இங்கேருந்து பாக்கறேன்" என்று எழுதினார். அந்த 'என்' என்ற சொல்லை மேடம் எனக்கு விரலால் தொட்டுக் காட்டினார். விற்பதைப் பற்றி அவர் பேசுவதையே விட்டுவிட்டார். காலேஜ்காரர்கள் வேறு நிலம் பார்க்கப் போனார்கள் என்று கேள்விப்பட்டோம். முருகையன் என் கடைக்கு வந்து, கணினித் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு எண்கள் இறங்க ஆரம்பித்தன. இலை மஞ்சளாகிறது, பயிர் பசியில் இருக்கிறது என்று கோடு சொன்னது. மேலுரமாக யூரியா போட்டார்கள். அடுத்த வாரமும் இறங்கியது. மறுபடி போட்டார்கள். முருகையன் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பயிரு நல்லா கருகருன்னுதான் இருக்கு டீச்சரம்மா."

"எந்த வெளிச்சத்துல பாத்தீங்க?"

"சாயங்காலம். கொஞ்சம் மேகமா இருந்துச்சு."

"அதான். நம்ம கண்ணு ஏமாத்தும் முருகையன்."

"ஆமாமா, கண்ணை நம்பக்கூடாதுதான்" என்று அவர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். அவரைவிடவும் அவர் மனைவிக்கு நம்பிக்கை அதிகம். மூன்றாவது முறையும் யூரியா விழுந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேடம் கோடு போட்டுக்கொண்டிருந்தார், கடையில் வேறு யாரும் இல்லை. நான் பொழுதுபோகாமல் பின்னால் நின்று, அவர் சரிசெய்து வைத்திருந்த படத்தைப் பார்த்தேன். வேட்டிக்குச் சற்றுத் தள்ளி வரப்பில் ஒரு கொக்கு நின்றிருந்தது. "என்ன மேடம், கொக்குக்கும் மஞ்சள் காமாலையா?" என்றேன்.

அவர் படத்தைப் பெரிதாக்கினார். வேட்டி வெள்ளையாக இருந்தது. கொக்கு மஞ்சளாக இருந்தது. சரிசெய்யாத மூலப்படத்தைத் திறந்தார். அதில் கொக்கு வெள்ளை, வேட்டியில் லேசாக நீலம் ஓடியிருந்தது. முதல் வாரத்துப் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தார். அப்புறம் ஒவ்வொரு வாரமாக வரிசையாகத் திறந்தார். வாரத்துக்கு வாரம் வேட்டி நீலமாகிக்கொண்டே வந்திருந்தது. நீலமான துணியை வெள்ளை என்று நம்பி, கணக்கு அந்த நீலத்தை இலையிலிருந்தும் கழித்திருக்கிறது. நீலத்தைக் கழிக்கக் கழிக்க இலை மஞ்சளாகத்தானே தெரியும்? எனக்கே புரிந்தது.

குடைகூட எடுக்காமல் எழுந்து போனார். மறுநாள் வந்து சொன்னார். முருகையன் வீட்டு வாசலில் அவர் மனைவி வாளியில் வேட்டியை அலசிக்கொண்டிருந்தாளாம். பக்கத்தில் சொட்டு நீலம் பாட்டில். சேறு படும்போதெல்லாம் அவள்தான் துவைத்திருக்கிறாள். "ஐயாவோட வேட்டி. அமெரிக்காவுல அவரு மகன் பாக்குறாரு. பளிச்சுன்னு இருக்க வேணாமா டீச்சரம்மா? அதான் ஒவ்வொரு வாட்டியும் ரெண்டு சொட்டு கூடவே விடுறேன்" என்றாளாம்.

"நீங்க என்ன சொன்னீங்க மேடம்?"

"நல்லா வெளுத்திருக்கேம்மான்னு சொன்னேன்."

அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை. என்னையும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். வேட்டியை மட்டும் ஏதோ சாக்குச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

அந்த வாரம் வேட்டி இல்லாமல் எடுத்து அனுப்பிய படத்துக்கு அண்ணனிடமிருந்து மெயில் வந்தது. "நம்ம வயல் கோல்ஃப் மைதானம் மாதிரி இருக்கு. நீ ஜெயிச்சுட்டே." பயிர் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். அத்தனை கரும்பச்சை. மேடம் மட்டும் அதைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். யூரியா அதிகமான பயிரைப் பூச்சி தேடி வரும் என்று அவருக்குத் தெரியும். தண்ணீரை வடித்தார். வேப்பெண்ணெய் அடிக்கச் சொன்னார். ஒவ்வொரு நாளும் கல்லூரி முடிந்து பேருந்திலிருந்து நேராக வயலுக்குப் போய், புடவை நனைய இறங்கி, தூரை விலக்கி அடித்தண்டைப் பார்த்தார். எதுவும் வராமல் போகலாம் என்று ஒரு நப்பாசை. எனக்கும் அது இருந்தது.

மழை விட்டுப் புழுக்கம் வந்தது. புகையான் இறங்கியது. கடுகளவு பூச்சிதான், ஆயிரக்கணக்கில் தண்டில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிவிடும். முதலில் நடுவயலில் வட்டமாக ஒரு இடம் தீய்ந்தது. அடுத்து இன்னொன்று. மருந்து அடித்தார்கள். வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வயல் முழுக்கச் சருகு. பக்கத்து வயல்களில் அங்கொன்றும் இங்கொன்றும்தான் இருந்தது.

அந்தப் படத்தையும் அனுப்பினார். "இதுல எதையும் சரிசெய்யலை. அப்படியே அனுப்பறேன். தப்பு என்னோடது" என்று ஒரு வரி. அண்ணன் உடனே போன் செய்தார். திட்டவில்லை. "விடும்மா. நீ இவ்வளவு செஞ்சதே பெரிசு" என்றார். திட்டியிருக்கலாம். காலேஜ்காரர்கள் திரும்பி வந்தார்கள். பொங்கல் கழிந்து பத்திரம் முடிந்தது.

முருகையனை என் கடையில் வைத்துத்தான் அவர் பார்த்தார். எழுந்து நின்று பேசினார். "முருகையன், உங்க பயிர் வீணானது என்னாலதான். எண்ணு தப்பா வந்துது. நான் கவனிக்கலை. யூரியா வேண்டியதே இல்லை." வேட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

முருகையன் பதறிப்போனார். "என்ன டீச்சரம்மா நீங்க போயி. வெள்ளாமைன்னா அப்படித்தான். முந்தின வருசம் தண்ணியில்லாம காஞ்சுச்சு, அதுக்கு யாரு பொறுப்பு? நீங்க சும்மா மனசுல போட்டுக்காதீங்க. கம்ப்யூட்டரு சொல்லலைன்னா இன்னும் மோசமாயிருக்கும்."

"இல்லை முருகையன், நான் சொல்றதைக் கேளுங்க..."

"உக்காருங்கம்மா நீங்க. தம்பி, அம்மாவுக்கு ஒரு டீ சொல்லுங்க."

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. அவர் போனபிறகு மேடம் அந்தச் சம்பாவின் எல்லாப் படங்களையும் முதலிலிருந்து கணக்கிட்டார். இந்தமுறை நீலம் ஏறாத முதல் நாள் வெள்ளையை வைத்து, வேட்டி எவ்வளவு மாறியது என்பதையும் சேர்த்து. கோடு இறங்கவே இல்லை. புகையான் வரும்வரை, யூரியா போடப் போட ஏறிக்கொண்டேதான் போனது. அவருடைய முறை சரியாகத்தான் வேலை செய்திருந்தது. "பசியே இல்லை தம்பி. அது பாட்டுக்கு நல்லாத்தான் இருந்திருக்கு. ஊட்டி ஊட்டிக் கொன்னுருக்கேன்" என்றார். நான் எதற்கோ எழுந்து போய் வாசலில் நின்றேன்.

முருகையன் ஏஜெண்டைப் பிடித்து வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போனார். மண்வெட்டி பிடித்த கைதானே, பழகிவிடும் என்றார்கள். ரொம்ப நாள் தகவல் இல்லை. பிறகு ஒருநாள், அங்கே கூட வேலை செய்யும் பையன் யாரோ மேடத்தின் மெயிலுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். அவர் முருகையன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் என் கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள்.

படத்தைத் திறந்தேன். முருகையன் ஒரு கம்பிக் குவியலுக்கு முன்னால் தொப்பி போட்டு நின்றார். ஆள், கம்பி, மண், தொப்பி எல்லாம் ஒரே ஆரஞ்சு. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். அப்புறம் மேடத்தின் பக்கம் திரும்பினாள்.

"டீச்சரம்மா, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. உடம்பு நல்லாருக்காரா? போன்ல கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொல்லுவாரு. நீங்கதான் படத்தைப் பாத்தே, பயிருக்கு என்ன வேணும்னு சொல்லுவீங்களே. அதுமாதிரி பாத்துச் சொல்லுங்க."

மேடம் திரைக்கு அருகில் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். முகம் பெரிதாக வந்தது. இந்தமுறை அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

"நல்லாத்தான்மா இருக்கார்."

அவள் அழுதாள், சிரித்தாள், இரண்டு கையாலும் மேடத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று கிளம்பிப் போனாள்.

நான் படத்தை மூடப் போனேன். "இருங்க" என்றார்.

"அது சோடியம் விளக்கு தம்பி. ராத்திரி வேலைக்குப் போடுவாங்க. அதுல அநேகமா ஒரே ஒரு நிறம்தான். மூணு எண்ணு இருந்தாலும் ஒரு எண்ணுதான். அதுக்குக் கீழ நிக்கறவனுக்குச் சோகையா, காமாலையா, நல்லா இருக்கானா, யாராலயும் எந்தக் கணக்கு போட்டும் சொல்ல முடியாது."

"அப்ப உங்களுக்கு என்னதான் தெரியுது மேடம்?"

அவர் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிக்கிறார். அவ்வளவுதான் தெரியுது."